காணவில்லை என்றொரு வரி

துணைச் செயலாளர் சுவாமிதாஸ் மலையாளத்தில் பேசினால் அது ஆபீஸ் காரியம். தமிழில் பேசினால் அது காகிதத்தில் வரக்கூடாத காரியம். பதினோரு வருஷம் சுகாதாரத் துறையில் அவர் கீழே வேலை பார்த்ததில் மங்கலம் தெரிந்துகொண்ட பாடம் இது. அவர் எல்லையோரப் பாறசாலைக்காரர், மங்கலத்தைப் போலவே வீட்டில் தமிழ்தான். ஆனால் ஆபீஸ் வராந்தாவில் மங்கலம் எதிரே வந்தால்கூட அவர் வாயில் தமிழ் வராது.

2004 பிப்ரவரி பதினேழாம் தேதி காலையில் அவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தமிழில் ஆரம்பித்தார்.

"இரி மங்கலம்."

"நிக்கேன் சார். செக்‌ஷன்ல வேல கிடக்கு."

"இரின்னு சொன்னம்லா. நாச்சியாருக்க ஃபைல் ஒனக்க கிட்ட தானே இருக்கு?"

"ஆமா சார். முதல் வருஷ ரிவ்யூ. வெள்ளிக்கிழமைக்குள்ள நோட் போடணும்."

"அதுல ஒரு வரி எழுதணும். அந்த நர்சுகளுக்க லிஸ்ட்ட வெளிய போட்டதுக்கு மேலிடத்து அனுமதி வாங்கினதா ஃபைல்ல காணல்லன்னு. அம்புட்டுதான் காரியம்."

மங்கலம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அனுமதி இருக்கே சார். எண்பத்தேழாம் பக்கம். பழைய செக்ரட்டரி கையெழுத்து, தேதி எல்லாம் உண்டு."

"இருக்கும். இல்லன்னு எழுதச் சொன்னேனா? காணல்லன்னு எழுது. ரெண்டும் ரெண்டு."

"கண்டுட்டேனே சார்."

"ஒருநாளும் ஒனக்குக் கண்ணு தப்பினதில்லையா? மனுஷி தானே." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எண்பத்தேழாம் பக்கம் பின்ன என்ன ஆகும்ங்கது ஒனக்க காரியம் இல்ல. புது செக்ரட்டரி வந்து ஒரு மாசம்தான் ஆச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ எழுது, நான் ஒப்பு வைக்கேன், அவளுக்க காண்ட்ராக்ட் மார்ச் முப்பத்தொண்ணோட முடியும். சண்டை இல்ல, சத்தம் இல்ல."

"சாரே எழுதலாமே."

அவர் சிரித்தார். கேட்கக்கூடாத கேள்வி அது என்று இருவருக்கும் தெரியும். எந்தக் கோப்பிலும் முதல் குறிப்பு கீழே இருந்துதான் எழவேண்டும். செக்‌ஷனில் எழுதுவார்கள், மேலே இருப்பவர்கள் ஒப்பு என்று கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டே போவார்கள். நாளைக்கு ஒரு விசாரணை வந்தால், முதலில் எழுதிய கை எது என்றுதான் கேட்பார்கள். ஆகவே மேலே போகப் போக மனிதர்கள் எழுதுவதைக் குறைத்துக்கொள்வார்கள். சுவாமிதாஸ் கடைசியாக நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதி எத்தனை வருஷம் இருக்கும் என்று மங்கலத்துக்கு நினைவில்லை.

"அண்டர் செக்ரட்டரி கசேர ரெண்டு மாசமா சும்மா கிடக்கு" என்றார் அவர். "அஞ்சாந்தேதி கமிட்டி. முதல் பேரு ஒனக்க பேரு. ஒனக்க ரகசிய ரிப்போர்ட்ட எழுதுகது நான். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் உண்டுல்லா ஒனக்கு?"

"உண்டு சார்."

"பின்னெ என்ன?"

---

நாச்சியாரை மங்கலத்துக்குப் பிடிக்காது. இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

துறைக்கு வெளியே இருந்து திறமையானவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று போன வருஷம் மேலே ஒரு முடிவு எடுத்தார்கள். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நாற்பது நிமிஷம் ஓர் இண்டர்வியூ. கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்த நாச்சியார், மூன்று வருஷக் காண்ட்ராக்டில், வருஷா வருஷம் ரிவ்யூ என்ற நிபந்தனையோடு, இணைச் செயலாளர் அந்தஸ்தில் இரண்டாம் மாடியில் வந்து உட்கார்ந்தாள். திருநெல்வேலிக்காரி. முப்பத்தொன்பது வயது. தோளோடு வெட்டிய முடி. அவள் நாற்காலியின் முதுகில் அதிகாரிகளுக்குப் போடுவது போல் டர்க்கி டவல் போடலாமா, காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கூடாதா என்று ஒரு கோப்பே மூன்று வாரம் சுற்றியது. அவளோ, அந்த டவல் எதற்கு, வேர்த்தால் துடைக்கவா என்று கேட்டாளாம்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மங்கலத்தால் பொறுக்க முடியாதது வேறொன்று.

வந்த இரண்டாம் மாதம் நாச்சியார் ஒரு கோப்பின் குறிப்புத் தாளில், ஆறாவது பத்தியாக, தன் கையால் எழுதினாள்: 'ஹாய் மங்கலம், இது ஏன் இன்னும் உங்க பக்கமே நிக்குது? அஞ்சு நிமிஷம் பேசலாமா?' பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று. அவள் பழைய கம்பெனியில் கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்களாம். அங்கே வாசித்துவிட்டு அழித்துவிடலாம். இங்கே குறிப்புத் தாளில் விழுந்த எதையும் அழிக்கவோ கிழிக்கவோ முடியாது. ஐம்பது வருஷம் கழித்து யாராவது அந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்த முகம் சிரித்துக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு கேண்டீனில் மங்கலம் நுழைந்தால் மூலையில் இருந்து யாரோ, "ஹாய் மங்கலம்" என்று இழுப்பார்கள். இருபத்தேழு வருஷத்தில் அவளைக் கோப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செக்‌ஷன் ஆபீசர் என்றுதான் எழுதுவார்கள்.

அந்தப் பதவிப் பெயர் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல.

பி.ஏ. முடித்த வருஷம் அவள் ஒரு தனியார் கம்பெனியில் இண்டர்வியூவுக்குப் போனாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாய் திறந்து மலையாளத்தில் தன் பெயரையும் ஊரையும் சொன்னதும் நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்து, "பாண்டியாணு, அல்லே?" என்றார். தமிழர்களுக்கு அவர்கள் வைத்திருந்த இளக்காரப் பெயர் அது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்டது. அடுத்த வருஷம் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினாள். அங்கே அவளுக்கு ஓர் எண்தான். அந்த எண்ணுக்கு முகம் கிடையாது, நாக்கு கிடையாது. ரேங்க் லிஸ்டில் நாற்பத்தொன்றாவது. வேலைக்குச் சேர்ந்த நாளில், இனி யாராவது தன்னைப் பாண்டி என்று சொன்னால், நான் நாற்பத்தொன்று என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டாள். ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சொல்ல முடியும் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. இன்று அந்த அலுவலகத்தில் அவளைப் போல் மலையாளத்தில் குறிப்பு எழுத ஆள் இல்லை.

நாற்பது நிமிஷத்தில் உள்ளே வந்தவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று பேரின் சிரிப்பு மங்கலத்துக்குக் காதில் கேட்கும். அதற்கு நாச்சியார் பொறுப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் கேட்கும்.

ஆனால் லிஸ்ட் என்று ஒன்று இருந்ததே.

சொந்த ஜில்லாவுக்கு மாற்றம் கேட்டு மனுப் போட்ட நர்சுகள் ஆயிரத்துச் சொச்சம் பேர். மனுப் போட்ட தேதி வாரியாக அவர்களை வரிசைப்படுத்தி, நாச்சியார் அதை இண்டர்நெட்டில் போட்டாள். முன்வராந்தாச் சுவரிலும் ஒட்டினாள். அதற்கு முன்பு மாற்றங்கள் கடிதத்தில் நடந்தன, ஃபோனில் நடந்தன, கல்யாண வீடுகளில் நடந்தன. இப்போது யார் யாரைத் தாண்டிப் போனார்கள் என்பது சுவரில் இருந்தது.

ஒட்டிய மூன்றாம் நாள் மலைப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக இருக்கும் ஒரு நர்ஸ், தாசம்மாள் என்று பெயர், ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி நேராகச் சுவர் முன்னால் போய் நின்றாள். பிறகு மங்கலத்தின் செக்‌ஷனுக்கு வந்தாள். காலில் செருப்பெல்லாம் செம்மண்.

"மேடம், நான் ஒண்ணாவதா இருக்கேன்."

"ஆமா, பாத்தேன்."

"இதுக்கு முந்தி நான் எத்தனாவதா இருந்தேன்?"

இதற்கு முன்பு வரிசையே இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்பது வருஷமாக அந்த மனுக்களை வாங்கி, எண் போட்டு, அடுக்கி வைத்தது மங்கலத்தின் கைதான்.

---

அன்று பிற்பகல் அவள் எண்பத்தேழாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எதிர் மேஜையில் ஷிஜா தலையைத் தூக்கினாள். பாலராமபுரத்துக்காரி, வேலைக்கு வந்து இரண்டு வருஷம், சங்கத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷம்.

"மேடம், ஹாய் மேடத்துக்க நோட்ட நான் எழுதட்டா? அசோசியேஷன்ல கேட்டோண்டே இருக்காங்க."

"என்ன கேக்காங்க?"

"எப்பப் போறாங்கன்னு. சங்கதி ஒறப்பாச்சுல்லே?"

"ஒனக்கு அவ போணுமா?"

"பின்னெ? நாங்க நாலு வருஷம் கோச்சிங் போயி, ராத்திரியும் பகலும் படிச்சு, அசிஸ்டென்டா வந்து ஃபைல் கட்டுகோம். அவங்க ஒரு பயோடேட்டா கொடுத்துட்டு மாடில போயி இருக்காங்க. மேடத்துக்கே பிடிக்காதுல்லே அவங்கள?"

"பிடிக்காது."

"அப்ப நான் எழுதுகேன்."

"நீ தொடாண்டாம்" என்றாள் மங்கலம். "ஒனக்கு புரோபேஷனே இன்னும் முடியல்ல. நான் நேரடியா எழுதிக்கிடுகேன்."

அதைச் சொன்னபோது எதை எழுதப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் கை அதில் படக்கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் வலியசாலையில் வீட்டுக்கு வந்ததும் கணவன் கோலப்பனிடம் சொன்னாள். அவன் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறவன். சட்டையைக் கழற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டான்.

"காணல்லன்னு எழுதணும்னா நாளைக்கே ஒரு கண்ணாஸ்பத்திரி சீட்டு வாங்கிரு. பெறவு ஆரும் கேக்க முடியாதுல்லா" என்றான்.

"விளையாடாதிங்க."

"விளையாடல்ல பிள்ளே. ஒரு வரிதானே. நாலு வருஷம் அந்தக் கசேரைல இருந்துட்டு இறங்குனா ஒனக்கும் ஒரு நிறைவு. நீ எத்தன பேருக்கு அடுத்த ஆளா நிண்ணு நிண்ணு வந்தேன்னு எனக்குத் தெரியும்லா. இந்தப் பொம்பள ஒனக்கு ஆரு? ஒட்டா உறவா?"

மகள் ஷில்பா கழக்கூட்டத்தில் வேலை பார்ப்பவள். கம்பெனி வண்டியில் வந்து இறங்கியவள் செருப்பைக் கழற்றுமுன் பாதியைக் கேட்டுவிட்டாள். "அம்மா, ஒண்ணு கேக்கட்டா? சத்தியம் பறயணும். அவங்க போனா அம்மைக்குச் சந்தோஷம்தானே?"

"ஆமா" என்றாள் மங்கலம்.

அடுப்பில் குழம்பு கொதித்துத் தட்டு ஆடியது. மங்கலம் போய் அதை இறக்கிவைத்தாள். சொன்ன அந்த ஒரு வார்த்தை அவளைப் பயமுறுத்தியது. பிடிக்காத காரியத்தைச் செய்யச் சொன்னால் மறுப்பது எளிது. அதற்குப் பெரிய தைரியமெல்லாம் வேண்டாம். சுவாமிதாஸ் கெட்டிக்காரர். அவள் மனசுக்குள் ஏற்கெனவே இருந்த ஆசையைத்தான் எடுத்து, அதன்மேல் ஒரு பதவியையும் வைத்து, அவளிடமே நீட்டியிருக்கிறார். கையை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. நாளைக்கு யாராவது கேட்டால், மேலிடம் சொன்னது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எழுதும்போது உள்ளே ஒருத்தி சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பாளே, அவளை என்ன செய்வது?

இன்னொன்றும் தோன்றியது. அந்த இண்டர்வியூவில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அன்று அவளை வேண்டாம் என்று ஒரு தாளிலும் எழுதியிருக்க மாட்டார்கள். தகுதி காணவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

"சாப்பிட வாங்க" என்றாள்.

---

மறுநாள் பத்தேகாலுக்குக் குறிப்புத் தாளை எடுத்தாள். இருபத்தொன்றாம் பத்தி வரை பழைய குறிப்புகள். அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். எப்போதும் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவாள். அன்று நேரே பேனாதான்.

இருபத்திரண்டு: இடமாற்றப் பட்டியலை வெளியிட, 3-11-2003 அன்று அப்போதைய செயலாளர் அனுமதி அளித்துள்ளார். பக்கம் 87 காண்க. அனுமதியின்றி வெளியிட்டதாகச் சொல்ல அடிப்படை இல்லை.

இருபத்துமூன்று: மேற்படி அனுமதி கோப்பில் காணவில்லை என்று குறிப்பு எழுதும்படி துணைச் செயலாளர் 17-2-2004 அன்று தம் அறையில் வாய்மொழியாக அறிவுறுத்தினார். பக்கம் 87 கோப்பில் உள்ளபடியால் அவ்வாறு எழுத இயலவில்லை.

இருபத்துநான்கு: முதல் வருஷப் பணி திருப்திகரம். இரண்டாம் வருஷத்துக்கு நீட்டிக்கலாம்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். பேனா நிற்கவில்லை. இருபத்தைந்து என்று எண் போட்டாள். வெளியிலிருந்து ஆள் எடுப்பதில் தவறில்லை என்று எழுதினாள். எடுக்கும் முறையில்தான் தவறு இருக்கிறது. ஒரே ஒரு பத்திரிகையில் விளம்பரம் செய்து, நேர்முகம் மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதால், தெரிந்தவர்களுக்கும் பேசத் தெரிந்தவர்களுக்கும் மட்டுமே வழி திறக்கிறது. இனி இத்தகைய பதவிகளை எல்லா மொழிப் பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்து, எழுத்துத் தேர்வு வைத்தே நிரப்ப வேண்டும். இப்போது பதவியில் இருப்பவரும் காண்ட்ராக்ட் முடிந்து தொடர விரும்பினால், அதே தேர்வை எழுதியே வர வேண்டும்.

கையெழுத்துப் போட்டு, கோப்பு நகரும் பதிவேட்டில் கடைசிப் பத்தியின் எண்ணையும் நேரத்தையும் பதிந்து, மேலே அனுப்பினாள். ஷிஜா எட்டிப் பார்த்து வாசித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் அவள் மங்கலத்திடம் பேசவில்லை. சாயங்காலம் பையை எடுக்கும்போது மட்டும், "இருபத்தஞ்சு கொள்ளாம், நல்லாருக்கு மேடம். இருபத்துமூணுதான் கஷ்டம்" என்றாள்.

---

அடுத்த நாள் சுவாமிதாஸ் கூப்பிட்டார். பியூன் வெளியே போகிறவரைக்கும் மலையாளத்தில் ஏதோ கேட்டார். கதவு சாத்தியதும் தமிழ் வந்தது.

"இது என்னது மங்கலம்?"

"நோட் சார்."

"எனக்க பேர எதுக்கு இதுக்குள்ள இழுத்த?"

"பேர எழுதல்ல சார். பதவியத்தான் எழுதினேன்."

அவர் முகம் கறுத்தது. கோப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "இந்தத் தாள எடுத்துட்டு வேற தாள்ல எழுது. ஒருத்தரும் பாக்கல்ல. நானும் மறந்திருகேன், நீயும் மறந்திரு."

"தாள எடுக்க முடியாது சார். நேத்து பதிவேட்டுல இருபத்தஞ்சு பத்தின்னு ஏறியாச்சு." அவள் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "சாருக்குச் சம்மதம் இல்லன்னா எனக்க கீழ எழுதலாம். நான் அப்படிச் சொல்லல்லன்னு இருபத்தாறாம் பத்தியா எழுதி ஒப்பு வையுங்க. பெறவு நான் சொன்னது பொய்யா, சார் சொன்னது பொய்யான்னு செக்ரட்டரி தீர்மானிக்கட்டும்."

"நீ எனக்கு எழுதப் படிப்பிக்கியா?"

"இல்ல சார். எழுதச் சொல்லுகேன்."

சுவாமிதாஸ் எழுந்து ஜன்னலோரம் போனார். திரும்பியபோது குரலை இறக்கியிருந்தார். உண்மையிலேயே அவளுக்காகக் கவலைப்படுவது போல இருந்தது அந்தக் குரல். "மேல என்ன சொல்லுவாங்க தெரியுமா? தமிழ்காரிக்குத் தமிழ்காரி பிடிச்சுக் கொடுத்தான்னுதான் சொல்லுவாங்க. இருபத்தேழு வருஷமா ஒரு பேச்சு கேக்காம இருந்தவ. கடைசில இந்தப் பேரு வேணுமா ஒனக்கு?"

அவர் சரியான இடம் பார்த்துத்தான் தொட்டிருக்கிறார். ஒரு நிமிஷம் அவள் அந்தக் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக்கூட நினைத்தாள். பிறகு சொன்னாள்: "இருபத்தஞ்சாம் பத்தியையும் வாசிச்சிட்டுச் சொல்லட்டும் சார். தமிழ்காரிக்கு எழுதினதா தமிழ்காரிக்கு எதிரா எழுதினதான்னு அவங்களுக்கே குழம்பும்."

அவர் ஆறு நாள் கோப்பை மேஜையில் வைத்திருந்தார். ஏழாம் நாள், ரிவ்யூ எங்கே என்று செயலாளர் அறையிலிருந்தே கேட்டார்கள். ஒரு வார்த்தையும் எழுதாமல், தன் ஒப்பை மட்டும் வைத்து மேலே அனுப்பினார். புதுச் செயலாளரின் உத்தரவு மூன்று வரி. நீட்டிப்புக்கு அனுமதி. பத்தி 25 பரிசீலிக்கப்படட்டும். பத்தி 23 பார்த்தேன். அவ்வளவுதான். சுவாமிதாசை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் எட்டாம் தேதி பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. மங்கலத்தின் பெயர் இல்லை. அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தவரின் பெயர் இருந்தது. கூடவே அவளுக்கு மூடிய கவரில் ஒரு வரி: ரகசிய அறிக்கையில் பாதகமான குறிப்பு உள்ளது, 'ஒத்துழைக்கும் மனப்பான்மை குறைவு.' ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அவள் அந்தக் கவரை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனாள். வரவில்லை. கோபம் இருந்தது, சுத்தமான கோபம், அதோடு சேர்ந்து வேறெதுவும் இல்லை. இவ்வளவு லேசாக அவள் கோபப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

---

மறுநாள் நாச்சியார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அந்த அந்தஸ்தில் இருப்பவர்கள் செக்‌ஷனுக்கு வரமாட்டார்கள், ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மங்கலமும் எழுந்தாள். நாச்சியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் மற்றவர்களுக்கு நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

"மேடம், இருபத்திரெண்டப் படிச்சதும் உங்களுக்கு நன்றி சொல்ல வரணும்னு நெனச்சேன். இருபத்தஞ்சப் படிச்சதும் சண்டை போட வந்துட்டேன்."

"சண்டைய முதல்ல போடுங்க. நன்றி வேண்டாம். உங்களுக்காக எழுதல்ல."

"அது படிச்சாலே தெரியுது." நாச்சியார் கையில் குறிப்பின் நகல் சுருண்டிருந்தது. "நாப்பது நிமிஷ இண்டர்வியூன்னு எல்லாரும் சொல்லுதீங்க. பதினஞ்சு வருஷம் நான் செஞ்ச வேல அதுக்குப் பின்னாடி இருக்குல்லா? முப்பத்தொம்பது வயசுல இருபத்திரெண்டு வயசுப் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காந்து நான் கட்டம் நிரப்பணுமா?"

"இண்டர்வியூவுக்கு எத்தன பேரு வந்திருந்தாங்க?"

"நாலு பேரு."

"விளம்பரம் எதுல வந்திச்சு?"

"ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல."

"அத உங்க கிட்ட காட்டினது ஆரு?"

நாச்சியார் சற்று யோசித்தாள். "எங்க கம்பெனில ஒரு டைரக்டர்."

"மலைல இருக்காளே தாசம்மாள், அவளுக்கு ஒரு மக இருந்து, உங்களவிட நல்லா படிச்சிருந்தா, அவளுக்கு ஆரு காட்டுவா?"

ஷிஜா கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் திருப்பாமல் இருந்தாள்.

"வரிசையப் பத்தி எனக்குப் பாடம் சொல்லாதீங்க மேடம்" என்றாள் நாச்சியார். முகம் சிவந்திருந்தது. "இந்த ஆபீசுல வரிசையையே உண்டாக்கினது நான்."

"அதத்தான் எழுதியிருக்கேன், இருபத்துநாலுல. நீங்க செஞ்ச வேல சரி. நீங்க வந்த வழி சரியில்ல. ரெண்டும் ஒரே தாள்ல இருக்கலாம்."

நாச்சியார் எழுந்து ஸ்டூலை இருந்த இடத்தில் தள்ளிவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டாள். "லிஸ்ட்ல உங்க பேரு இல்லன்னு கேள்விப்பட்டேன். என்னாலதான். நாளைக்குச் செக்ரட்டரியோட எனக்கு மீட்டிங் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

ஒரு வார்த்தை. அது நடக்கும் என்று மங்கலத்துக்குத் தெரியும். நாச்சியார் சொன்னால் புதுச் செயலாளர் கேட்பார். இருபத்தேழு வருஷத்தில் அவளுக்காக மேலே ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்ததே இல்லை. அப்படி ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு நொடி அனுபவித்தாள். வெயிலில் நடந்து வந்தவளுக்கு யாரோ குடை பிடித்தது போல, நன்றாகவே இருந்தது.

"சொல்லாதிங்க" என்றாள்.

"ஏன்? இது நியாயம்தானே?"

"நியாயம்தான். ஆனா நீங்க சொல்லி அது நடந்துதுன்னா, இருபத்தஞ்ச நான் என் கையாலேயே அடிக்கணும். நீங்க உங்க மறுப்ப எழுதுங்க. எனக்குள்ளத நான் எழுதிக்கிடுகேன்."

நாச்சியார் கையில் இருந்த நகலை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். "உங்களோட வேல பார்க்கிறது ரொம்பக் கஷ்டம் மேடம்."

"ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

ஷிஜா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் குனிந்துகொண்டாள். நாச்சியார் சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

---

மேல்முறையீட்டை எழுத மங்கலத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கோலப்பன் இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒரு வரியில முடிஞ்சிருக்க வேண்டியது, அஞ்சு பக்கம் ஆயாச்சு" என்று முணுமுணுத்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு தேதி தவறியிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான்.

புகார் சொல்லும் வேலையை அவள் அதில் செய்யவில்லை. கேள்விகள்தான் கேட்டாள். ஒத்துழைக்காத நாள் எது, கோப்பு எது, மறுத்த வேலை எது, அந்த வேலை எந்த விதியின்படி தன்மேல் சுமத்தப்பட்டது. மேல்முறையீடு செயலாளருக்கு. ஆனால் எந்த மனுவும் உரிய வழியில்தான் போக வேண்டும். அந்த வழியின் முதல் படியான அண்டர் செக்ரட்டரி நாற்காலியில் இப்போது அவளுக்கு இளையவர் உட்கார்ந்திருந்தார். ஆனால் அறிக்கை எழுதியவர் எவரோ அவரேதான் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தன் விளக்கத்தை எழுதி மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. வேறொருவர் எழுதித் தர முடியாது. வெறும் ஒப்பும் செல்லாது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் பியூனிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு சுவாமிதாசின் அறைக்குப் போனாள். உள்ளே வேறு செக்‌ஷன் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் மலையாளத்தில் என்ன என்று கேட்டார்.

அவளும் மலையாளத்திலேயே சொன்னாள், தன் மேல்முறையீடு என்று. பதினான்கு கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கீழே இடம் விட்டிருக்கிறேன் என்றாள்.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தை. மற்ற இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வச்சிட்டுப் போ மங்கலம்" என்றார், தமிழில், மெதுவாக. "நமக்குள்ள பேசிக்கிடலாம்."

"பேச ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள், அந்த இரண்டு பேருக்கும் கேட்கிற குரலில். நகலை அவர் முன்னால் வைத்து, பெற்றுக்கொண்ட தேதியும் ஒப்பும் வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

அவர் பேனாவைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை, மேஜைமேல் இல்லை. மங்கலம் தன் பேனாவை நீட்டவில்லை. அவர் இழுப்பறையைத் திறந்து, தேடி எடுத்து, மூடியைக் கழற்றுகிறவரைக்கும் அவள் விரலை எடுக்காமல் நின்றாள்.